மே ஒன்றும் மே இரண்டும்: பாசிசம் இடதுசாரியின் பிள்ளையா?



பாசிசம் என்ற சொல்லை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2018 செப்டம்பர் 3ஆம் தேதி சென்னையிலிருந்து வாகைக்குளம் வந்த விமானத்தில், பா.ஜ.க.வின் அன்றைய மாநிலத் தலைவரின் முன்னால் ஓர் ஆராய்ச்சி மாணவி அந்தச் சொல் சேர்ந்த முழக்கம் ஒன்றை எழுப்பினார். அன்றைக்கே கைது செய்யப்பட்டார். மறுநாள் பிணை கிடைத்தது. 2023இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த வழக்கை ரத்து செய்தது. மே 22 துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்து அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஒரு சொல்லுக்கு அரசு எவ்வளவு பயப்படும் என்பதை இந்த ஊர் அன்று நேரில் பார்த்தது.

அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். அண்மையில் ஒரு வாசிப்பு வட்டத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, ஹிட்லர் கட்சியோட பேருலயே சோசலிஸ்ட்னு இருக்கு. முசோலினியும் முதல்ல சோசலிஸ்ட்தானாமே. அப்ப பாசிசமும் இடதுசாரியும் ஒரே குட்டையில ஊறுன மட்டைதானே?" பக்கத்திலிருந்த தொழிற்சங்கத் தோழர் கோபப்பட்டார். "இது சங்கிகள் பரப்புற பொய்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மாணவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் அவருக்குப் பதில் கிடைக்கவில்லை.

இந்தக் கேள்வியைச் சும்மா விட முடியாது என்பதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. பாசிசமும் இடதுசாரியும் ஒன்று என்று ஒப்புக்கொண்டால், உப்பளத்திலும் துறைமுகத்திலும் கூலி கேட்டுக் கூடும் ஒவ்வொரு கூட்டமும் நாளைய சர்வாதிகாரத்தின் விதை என்று ஆகிவிடும். மாறாக, இடதுசாரி என்று பெயர் வைத்துக்கொண்டாலே அது பாசிசத்துக்கு எதிரானதுதான் என்று ஒப்புக்கொண்டால், அந்தக் கொடியின் கீழ் சாதி எப்படி நடந்துகொண்டது என்று நாம் கேட்க முடியாது. முதல் பதில் நம்மைக் கூட விடாது. இரண்டாவது பதில் நம்மைப் பேச விடாது.

இன்று டிசம்பர் 6. 1956இல் அண்ணல் அம்பேத்கர் மறைந்த நாள். 1992இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டதும் இதே நாளில்தான். இந்த நாளில் இந்தக் கேள்விக்கு முழுப் பதிலைத் தேடுவது நம் கடமை.

எடுத்துக்கொண்டதும் அழித்ததும்

மாணவர் சொன்ன தகவல் பொய் அல்ல. முசோலினி இத்தாலிய சோசலிஸ்ட் கட்சியில் இருந்தவர்தான். 1912 முதல் 1914 வரை அந்தக் கட்சியின் 'அவந்தி' நாளேட்டின் ஆசிரியர். முதல் உலகப் போரில் இத்தாலி சேர வேண்டும் என்று எழுதியதால் 1914 நவம்பரில் கட்சி அவரை வெளியேற்றியது. 1919 மார்ச்சில் மிலான் நகரில் அவர் பாசிச அமைப்பைத் தொடங்கினார். அந்த ஆண்டு வந்த அவர்களின் திட்டத்தில் எட்டு மணி நேர வேலை, பெண்களுக்கு வாக்குரிமை, குறைந்தபட்சக் கூலி, மூலதனத்தின் மீது கடும் வரி எல்லாம் இருந்தன. அதை மட்டும் படிப்பவர் சங்கத்து நோட்டீஸ் என்றே நினைப்பார்.

ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் நடந்ததையும் பார்க்க வேண்டும். வட இத்தாலியில் போ ஆற்றுச் சமவெளியில் விவசாயக் கூலிகளின் சங்கங்கள் வலுவாக இருந்தன. யாரை வேலைக்கு வைப்பது, என்ன கூலி என்பதைச் சங்கம் பேசி முடிவு செய்யும் நிலை வந்திருந்தது. அங்கேதான் கறுஞ்சட்டைக் கும்பல்கள் இறங்கின. பணம் கொடுத்தவர்கள் நிலவுடைமையாளர்கள். சங்கக் கட்டடங்கள் எரிக்கப்பட்டன, சங்கத் தலைவர்கள் அடித்து ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். 1924இல் சோசலிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர் மத்தியோத்தி கொல்லப்பட்டார். 1926இல் வேலைநிறுத்தம் சட்டப்படி குற்றமானது. அதே ஆண்டு நவம்பரில் கிராம்சி சிறைக்குப் போனார்.

இதைப் படிக்கும்போது நமக்குக் கீழத் தஞ்சை நினைவுக்கு வராமல் இருக்காது. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் செங்கொடிச் சங்கம் ஒரு பக்கம். அதை உடைக்க மிராசுதார்கள் அமைத்த நெல் உற்பத்தியாளர் சங்கம் மறுபக்கம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். வெண்மணியை இத்தாலியோடு அப்படியே பொருத்திக்காட்ட நான் வரவில்லை. இங்கே சாதி இருந்தது; அதுதான் பெரிய வேறுபாடு, அதைப் பிறகு பேசுவோம். ஆனால் சங்கத்தை உடைப்பதற்காக நிலமுடையவன் ஆள் திரட்டுவது என்ற வேலைமுறை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஜெர்மனிக்கு வருவோம். நாஜிகள் கட்சிப் பெயரில் 'சோசலிஸ்ட்' என்பதையும் 'தொழிலாளர்' என்பதையும் சேர்த்து வைத்திருந்தார்கள். 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அந்த ஆண்டு மே 1ஐ தேசிய உழைப்பாளர் விடுமுறையாக அவரது அரசே அறிவித்தது. பெர்லினில் பிரம்மாண்டமான ஊர்வலம். தொழிற்சங்கத் தலைமைகூட உறுப்பினர்களைக் கலந்துகொள்ளச் சொன்னது. மறுநாள் மே 2. காலையில் நாடு முழுவதும் சங்க அலுவலகங்களுக்குள் நாஜிப் படையினர் புகுந்தார்கள். தலைவர்கள் கைது, நிதி பறிமுதல், சங்கங்கள் கலைப்பு. அதற்கு முன்பே மார்ச் மாதத்தில் தாஹாவ் வதைமுகாம் திறக்கப்பட்டிருந்தது. அங்கே முதலில் அடைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகவாதிகளும். கட்சிக்குள் 'சோசலிஸ்ட்' என்ற சொல்லை மெய்யாகவே நம்பியவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களின் முகமாக இருந்த கிரிகோர் ஸ்ட்ராசரை 1934 ஜூன் 30 அன்று ஹிட்லரின் ஆட்களே கொன்றார்கள்.

அந்த மாணவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: மே ஒன்றை மட்டும் பார்த்தால் பாசிசம் இடதுசாரியைப் போலத் தெரியும். மே இரண்டையும் சேர்த்துப் பார். ஊர்வலம், கொடி, சீருடை, 'உழைப்பாளர்' என்ற சொல் எல்லாவற்றையும் அது இடதுசாரியிடமிருந்து எடுத்துக்கொண்டது. தொழிலாளி சொந்தமாகக் கூடும் உரிமையை அழித்தது. சமத்துவம் என்ற கருத்தை வேரோடு வெறுத்தது. மனிதரில் உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்பது அதன் அடித்தளம். அந்த அடித்தளம் எங்கிருந்து வந்தது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை; பிறப்பால் உயர்வு தாழ்வு சொல்லும் ஏற்பாட்டின் கீழ் நாம் வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

சட்டையின் நிறமும் எதையும் நிரூபிக்காது. இத்தாலியில் கறுஞ்சட்டை பாசிசத்தின் அடையாளம். தமிழ்நாட்டில் பெரியார் 1945இல் தொடங்கிய கறுஞ்சட்டைப் படையின் நிறம் இழிவின் அடையாளம். அந்த இழிவை ஒழிப்பதே அதன் நோக்கம். ஒரே நிறம்தான், நிற்கும் பக்கம் வேறு.

முத்துச்சலாபம் சொல்லும் பாடம்

இன்னொரு வாதம் உண்டு. 'பாசிசம் பொருளாதாரத்தை அரசின் கையில் வைத்தது. சோசலிசமும் அரசின் கையில் வைக்கிறது. ஆகவே இரண்டும் ஒன்று' என்பது. கேட்க நியாயமாகத் தோன்றும். இதற்குப் பதில் சொல்ல ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம், நம் கடலே போதும்.

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் நூற்றாண்டுகளாக ஆட்சியாளரின் சொத்து. போர்த்துகீசியர் வந்தார்கள், டச்சுக்காரர்கள் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள்; சலாபம் எப்போது நடக்கும், எத்தனை தோணி போகலாம் என்பதை அரசாங்கமே முடிவு செய்தது. ஆங்கிலேய ஆட்சிக் காலச் சலாபங்களில் கரைக்கு வரும் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போனவர்களுக்கு ஒரு பங்கு. உப்பும் அப்படித்தான், அரசாங்கத்தின் ஏகபோகம். அதை யாராவது சோசலிசம் என்றார்களா? அரசின் கையில் இருப்பது என்பது ஒரு தகவல் மட்டுமே. அரசு யாருடைய கையில் இருக்கிறது, பங்கு பிரிப்பதில் முத்துக்குளிப்பவருக்குக் குரல் உண்டா என்பதுதான் கேள்வி.

ஆனால் இந்தக் கேள்வி இரு பக்கமும் வெட்டும். சோசலிசம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஓர் அரசில் தொழிலாளிக்குச் சொந்தச் சங்கம் வைக்க உரிமையில்லை என்றால், அங்கேயும் நாம் இதையே கேட்க வேண்டும். அண்டை வீட்டைக் கேட்டுவிட்டு நம் வீட்டைக் கேட்காமல் இருக்க முடியாது.

இடதுசாரி செய்த பிழைகள்

ஆகவே இடதுசாரியின் கணக்கையும் திறந்து வைக்கிறேன்.

1932 நவம்பரில் ஜெர்மனியில் நடந்த தேர்தலில் நாஜிகள் பெற்றது 33.1 விழுக்காடு. சமூக ஜனநாயகக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்து பெற்றது 37.3 விழுக்காடு. தொழிலாளர் கட்சிகள் இரண்டின் வாக்கு நாஜிகளைவிட அதிகம். ஆனால் இரண்டும் சேரவில்லை. 1919 ஜனவரியில் ரோசா லக்சம்பர்க்கும் கார்ல் லீப்னெக்டும் கொல்லப்பட்டபோது ஆட்சியில் இருந்தது சமூக ஜனநாயகக் கட்சி. கொன்றது அந்த அரசு பயன்படுத்திய கூலிப்படை. அந்த ரத்தத்தைக் கம்யூனிஸ்டுகளால் மறக்க முடியவில்லை. அதன் மேல் 1928க்குப் பிறகு மாஸ்கோவில் இருந்த கம்யூனிஸ்ட் அகிலம் ஒரு கோட்பாட்டையே வைத்தது: சமூக ஜனநாயகவாதிகள் 'சமூக பாசிஸ்டுகள்', அவர்களே முதன்மை எதிரி. 1935இல் டிமித்ரோவ் ஐக்கிய முன்னணியைப் பற்றிப் பேசியபோது ஜெர்மனியில் இரு கட்சித் தோழர்களும் ஒரே முகாமில் அடைபட்டிருந்தார்கள்.

1939 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டாலினின் அரசு ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டது. சோவியத் சிறைகளில் இருந்த ஜெர்மன் கம்யூனிஸ்டுகள் சிலர் 1940இல் ஹிட்லரின் போலீஸ் கையில் ஒப்படைக்கப்பட்டார்கள். பிறகு 1941 ஜூன் 22 முதல் அதே ஹிட்லரை முறியடிக்க சோவியத் மக்கள் சுமார் 2.7 கோடி உயிரைக் கொடுத்தார்கள். இதில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர் வரலாறு சொல்லவில்லை, கட்சிப் பிரசாரம் செய்கிறார். எதிரியைப் பார்த்து எறிய வேண்டிய சொல்லைப் பக்கத்தில் நிற்பவர் மீது எறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1932ஐவிடப் பெரிய சாட்சி இல்லை.

ஒரே ரயில் பாதையில் இரண்டு வழிகள்

இனி நம் ஊருக்கு வருவோம்.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். ஊரே பின்னால் நின்றது. தொழிலாளர் பக்கம் இல்லாதவர்களுக்குச் சவரம் செய்ய மாட்டோம், துணி வெளுக்க மாட்டோம் என்று சவரத் தொழிலாளர்களும் சலவைத் தொழிலாளர்களும் மறுத்தார்கள். கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. இந்தியாவின் தொழிலாளர் வரலாற்றில் இந்த ஊருக்குக் கிடைத்த முதல் வரி அது.

மூன்றாண்டு கழித்து 1911 ஜூன் 17. அதே ரயில் பாதையில் மணியாச்சி சந்திப்பு. கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் பையில் இருந்த கடிதம் பலரும் அறிந்தது. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளியின் கூலி அந்தக் கடிதத்தில் இல்லை. சனாதன தர்மம் அழிகிறதே, மாட்டிறைச்சி தின்னும் மிலேச்சன் நமக்கு அரசனாக முடிசூடுவதா என்பதுதான் அதன் ஆத்திரம்.

இரண்டும் ஏகாதிபத்திய எதிர்ப்புதான். பாடப்புத்தகத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் ஒன்றில் சவரத் தொழிலாளி ஒரு முடிவெடுக்கும் மனிதனாக இருக்கிறான். இன்னொன்றில் மாட்டிறைச்சி உண்ணும் நாமும் அந்த 'மிலேச்ச' வரிசையில்தான் நிற்கிறோம். அந்நியனை எதிர்ப்பது தன்னளவில் யாரையும் இடதுசாரியாக்காது. யாருடைய விடுதலைக்காக எதிர்க்கிறாய் என்று கேட்காத ஏகாதிபத்திய எதிர்ப்பு, வர்ணத்தையும் சுமந்துகொண்டு போகலாம்.

போஸும் தோட்டக் காட்டுத் தமிழர்களும்

இந்தக் கேள்வி இந்திய இடதுசாரி வரலாற்றில் மிகக் கூர்மையாக வந்த இடம் சுபாஷ் சந்திர போஸ். அவர் காங்கிரஸின் இடதுசாரித் தலைவர். 1935இல் லண்டனில் வெளியான 'இந்தியப் போராட்டம்' நூலில், கம்யூனிசமும் பாசிசமும் இணைந்த ஒரு தொகுப்பை இந்தியா உருவாக்கும் என்றும் அதன் பெயர் 'சாம்யவாதம்' என்றும் எழுதினார். 1938இல் ரஜனி பாமி தத்தின் கேள்விக்குப் பதில் சொன்னபோது, தான் எழுதிய காலத்தில் பாசிசம் தீவிரமான தேசியம் என்று மட்டுமே தோன்றியது, அதன் ஏகாதிபத்திய முகம் அப்போது வெளிப்படவில்லை என்று விளக்கினார். 1939இல் பார்வர்டு பிளாக்கைத் தொடங்கினார். 1941இல் ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். 1942 மே மாதம் ஹிட்லரைச் சந்தித்தார். 1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். 1944இல் டோக்கியோவில் மாணவர்களிடம் பேசும்போது தொகுப்புக் கருத்தை மறுபடியும் சொன்னார்.

போஸ் பாசிஸ்டா? என் பதில், இல்லை. அவரது படையில் எல்லாச் சாதியும் எல்லா மதமும் ஒரே பந்தியில் சாப்பிட்டன. அந்தப் படையின் ஜான்சி ராணி படைப்பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமி பிற்காலத்தில் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்து, 2002இல் இடதுசாரிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்றார். ஆனால் போஸின் தொகுப்புக் கருத்து தவறு. சமத்துவத்தையும் சமத்துவ வெறுப்பையும் தொகுக்க முடியாது.

அந்தத் தவறின் விலை ஏட்டில் எழுதப்படவில்லை. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் எழுதப்பட்டது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து போனவர்கள். அவர்களில் நம் மக்கள் ஏராளம். அங்கிருந்து பலர் போஸின் படையில் சேர்ந்தார்கள். கங்காணிக்கும் துரைக்கும் முன்னால் கைகட்டி நின்றவர்கள் முதல் முறையாகச் சீருடை அணிந்து நிமிர்ந்தார்கள். அந்த நிமிர்வு உண்மை, அதை நான் குறைக்க மாட்டேன். அதே ஆண்டுகளில், அதே தோட்டங்களிலிருந்து, போஸின் கூட்டாளியான ஜப்பான் இராணுவம் சயாம்–பர்மா ரயில் பாதை போட ஆள் பிடித்தது. 415 கிலோமீட்டர் பாதை. பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் விடுதலைப் படையில், தம்பி மரண ரயில் பாதையில்.

இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 1942இல் 'மக்கள் யுத்தம்' என்றது. பாசிசத்தைத் தோற்கடிப்பதே முதல் கடமை, ஆகவே பிரிட்டனின் போருக்கு ஆதரவு என்றது. பாசிசம் உலகுக்கே ஆபத்து என்று அவர்கள் கணித்தது சரி. போஸை ஜப்பானின் கைக்கூலி என்று கேலிச்சித்திரம் போட்டது தவறு. பிற்காலத்தில் அவர்களின் தலைவர்களே அதைத் தவறென்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இரு தரப்பும் தோட்டக் கூலியின் இடத்திலிருந்து அந்தப் போரைப் பார்த்ததா என்பது என் கேள்வி.

முதுகுளத்தூர், 1957

பார்வர்டு பிளாக் தன்னைச் சோசலிசக் கட்சி என்றே அறிவித்துக்கொண்ட கட்சி. தென் மாவட்டங்களில் அதன் தலைவர் முத்துராமலிங்கத் தேவர். இந்த வரலாற்றை நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், குற்றப் பரம்பரைச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். பிறப்பை வைத்தே ஒரு சமூகத்தைக் குற்றவாளி என்று எழுதிய சட்டம் அது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்த 16 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்தச் சட்டத்துக்கு எதிராகத் தேவர் நடத்திய போராட்டம் நியாயமானது. மதுரை ஆலைத் தொழிலாளர் போராட்டங்களிலும் அவர் நின்றார், சிறை சென்றார். சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் ஒழிந்தது.

பிறப்பால் குற்றவாளி என்று எழுதப்பட்ட ஒரு சமூகமும், பிறப்பால் தீண்டத்தகாதவர் என்று எழுதப்பட்ட ஒரு சமூகமும் ஒரே மண்ணில், ஒரே வறட்சியில் வாழ்ந்தன. ஓர் இடதுசாரிக் கட்சிக்கு இதைவிடப் பொருத்தமான களம் எங்கே கிடைக்கும்? ஆனால் நடந்தது வேறு. 1957 இடைத்தேர்தலுக்குப் பிறகு பார்வர்டு பிளாக்கை ஆதரித்த மறவர்களுக்கும் காங்கிரஸை ஆதரித்த தலித்துகளுக்கும் இடையே மோதல் மூண்டது. செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம். அதில் நம் மக்களின் பிரதிநிதியாக, மற்றவர்களுக்குச் சமமாக அமர்ந்து பேசியவர் இமானுவேல் சேகரன். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர், இராணுவத்தில் பணியாற்றியவர், வயது 32. மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்தில் ஊர்கள் எரிந்தன. கீழத்தூவலில் மறவர் இளைஞர்கள் ஐவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதுவும் அநியாயம்தான், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொலை வழக்கில் கைதான தேவரை 1959இல் நீதிமன்றம் விடுதலை செய்தது.

இது ஒரு தனிமனிதரைப் பற்றிய விசாரணை அல்ல. அதை நீதிமன்றம் முடித்துவிட்டது. நான் கேட்பது ஒரு கட்சியைப் பற்றி. சோசலிசம் பேசிய கட்சி, சமமாக உட்கார்ந்த தலித்தின் பக்கம் ஏன் இல்லை? ஏனென்றால் அதன் 'மக்கள்' ஒரு சாதியின் எல்லையோடு நின்றுவிட்டது. வர்க்கத்தின் பெயரால் தொடங்கிய திரட்டல் சாதித் திரட்டலாகச் சுருங்கியது. தலைவர் வணக்கத்துக்குரியவர் ஆனார், கட்சி பக்தர் கூட்டமானது. இதைப் பாசிசம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சொல்லை மலிவாக்க நான் தயாரில்லை. பாசிசம் வந்து இறங்குவதற்கு இப்படித்தான் தளம் அமைகிறது என்று சொல்கிறேன்.

அண்ணல் காட்டிய இடம்

1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேத் தலித் தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் பேசினார். உழைக்கும் மக்களுக்கு இரண்டு எதிரிகள், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் என்றார். பார்ப்பனியம் என்றால் ஒரு சாதியின் அதிகாரம் என்பதல்ல, சுதந்திரம் சமத்துவம் சகோதரத்துவத்தை மறுக்கும் மனநிலை, அது எல்லா வகுப்பாரிடமும் பரவியிருக்கிறது என்றும் விளக்கினார். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, தொழிலாளரின் வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் மசோதாவை எதிர்த்து பம்பாயில் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தினார். இடதுசாரியை விமர்சித்தவர் அவர்தான். சங்க உரிமைக்கு ஆபத்து வந்தபோது தோளோடு தோள் நின்றவரும் அவர்தான்.

1943 செப்டம்பரில் டெல்லியில் தொழிற்சங்க ஊழியர்களிடம் பேசியபோது, இத்தாலியிலும் ஜெர்மனியிலும் நாடாளுமன்ற ஜனநாயகம் ஏன் விழுந்தது என்று கேட்டு அவரே பதிலும் சொன்னார்: சமூக, பொருளாதார சமத்துவம் இல்லாத இடத்தில் அரசியல் ஜனநாயகம் நிற்காது. அதாவது பாசிசத்தின் வேர் அதிக சமத்துவத்தில் இல்லை, சமத்துவம் இல்லாமையில் இருக்கிறது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்குத்தான் இட்டுச் செல்லும் என்று எச்சரித்தார்.

நம் இடதுசாரிகள் இதைக் காலத்தில் கேட்டிருந்தால் பல இழப்புகளைத் தவிர்த்திருக்கலாம். 1921இல் சென்னை பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதி திராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பியபோது, அவர்கள் ஏன் நம்மை நம்பவில்லை என்று சங்கம் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. புளியந்தோப்பில் நம் குடிசைகள் எரிந்தன. 1964இல் தோன்றிய மார்க்சிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக் குழுவில் முதல் தலித் இடம்பெற்றது 2022இல், 58 ஆண்டு. அதே கட்சி 2008இல் உத்தப்புரம் தீண்டாமைச் சுவரை இடிக்க வைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1923இல் இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் கடற்கரை மீனவர் சமூகத்தில் பிறந்து, பௌத்தம் வழியாகப் பொதுவுடைமைக்கு வந்தவர். அவர் போட்ட வழி திறந்தேதான் இருந்தது, நடந்தவர்கள் குறைவு.

"எங்களுக்கு என்றைக்குத்தான் பாசிசம் இல்லை?" என்று நம் தோழர்கள் கேட்பதுண்டு. ஐரோப்பியர் காலனிகளில் செய்ததைத்தான் ஹிட்லர் ஐரோப்பாவுக்குள் செய்தார் என்று ஏமே செசேர் 1950இல் எழுதினார். நம் கேள்வியும் அந்த வகையானதுதான், நியாயமானதுதான். 1995 கொடியன்குளமும் 1999 தாமிரபரணியும் ஜனநாயக ஆட்சியிலேயே நடந்தவை. ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் இழக்கக் கூடாது. தாமிரபரணியில் 17 பேர் செத்தபோது நம்மால் ஊர்வலம் போக முடிந்தது, வழக்குப் போட முடிந்தது, எழுத முடிந்தது. பாசிசம் அந்த மூன்றையும் பறிக்கும். இப்போதுள்ளது போதாது என்பதற்காக, இருப்பதையும் பறிகொடுப்பவர் புத்திசாலி அல்லர்.

மூன்று கேள்விகள்

இந்தியாவில் பாசிசம் இடதுசாரியிடமிருந்து வரவில்லை. மூஞ்சே 1931 மார்ச்சில் ரோமில் முசோலினியைச் சந்தித்து அங்கே இளைஞர்களுக்குத் தரப்படும் பயிற்சியைப் பார்த்து வியந்தார். கோல்வால்கர் 1939இல் ஜெர்மனியின் இனப் பெருமிதத்திலிருந்து பாடம் கற்கச் சொன்னார். அவர்கள் யாரிடம் கற்றார்கள் என்பதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அது நம் தெருவுக்கு வரும்போது அந்தப் பெயரோடு வராது. 'உழைக்கும் மக்கள்', 'மண்ணின் மைந்தர்', 'ஆண்ட பரம்பரை' என்று வரும். பள்ளிப் பிள்ளைகளின் கையில் சாதிக் கயிறாக வரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகுதான், அந்தக் கயிற்றைப் பற்றி ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு போட வேண்டியிருந்தது. வருத்தத்தோடு சொல்கிறேன், 'ஆண்ட பரம்பரை' பேச்சு நம் இளைஞர்களிடமும் கேட்கிறது. நாமும் ஆண்டோம் என்று நிரூபிப்பதில் என்ன விடுதலை இருக்கிறது? யாரையும் யாரும் பிறப்பால் ஆளக் கூடாது என்பதல்லவா நம் கோரிக்கை?

ஆகவே எந்த அமைப்பு வந்து அழைத்தாலும், அது சிவப்போ நீலமோ கறுப்போ காவியோ, மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உன் 'மக்கள்' என்ற சொல்லுக்குள் துப்புரவுத் தொழிலாளியும் உப்பளத்துப் பெண்ணும் சிறுபான்மையினரும் சமமாக இருக்கிறார்களா? தொழிலாளி உன்னை எதிர்த்தும் சங்கம் வைக்க விடுவாயா? உன் தலைவரை நான் கேள்வி கேட்கலாமா?

மூன்றுக்கும் ஆம் என்று சொல்பவரோடு, பழைய கணக்குகளைப் பேசிக்கொண்டே, சேர்ந்து நிற்போம். 1932 ஜெர்மனி நமக்குச் சொல்வது அது. ஒன்றுக்கு இல்லை என்றாலும், அவர் எவ்வளவு புரட்சிகரமாகப் பேசினாலும், மே ஒன்று ஊர்வலத்தில் எவ்வளவு பெரிய கொடி பிடித்தாலும், மே இரண்டு காலையில் அவர் எந்தக் கதவைத் தட்டுவார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவர் இன்று இந்த அரங்கில் இருக்கிறார். தம்பி, அன்றைக்கு நீ கேட்டதில் தவறில்லை. இனியும் கேள்.

ஜெய்பீம்.